நூறு பேர் பார்த்தால் அவசரம்

திருச்சி மண்டியில் சின்ன வெங்காயத்தை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த செல்லமுத்து, சிறுவாச்சூரில் டீ குடிக்க இறங்கியபோதுதான் செல்போனில் வந்திருந்த செய்தியைப் பார்த்தான்.

'அன்பான வாடிக்கையாளரே! தங்களது டிராஃபிக் அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டிவிட்டது. இன்று முதல் தங்களது வேகம் குறைக்கப்படுகிறது. இனிய நாளாக அமையட்டும்!'

டீ பாதியிலேயே நின்றது. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவன் ஒரு அபராதமும் கட்டியதில்லை. சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நின்றுவிடுகிற ஆள். எந்தக் கேமராவில் விழுந்தோம் என்று ரோட்டோரக் கம்பங்களை எல்லாம் அண்ணாந்து பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. வேகம் குறைக்கப்படுகிறது என்று எழுதியிருந்ததால் குறைத்தே ஓட்டினான். பெரம்பலூர் வழியாக அரும்பாவூர் வரைக்கும் முப்பதைத் தாண்டவில்லை. பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனார்கள். கிருஷ்ணாபுரம் பக்கத்தில் மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று அவனை முந்தியது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று கையாலேயே கேட்டார்.

வீட்டில் அவன் மனைவி வேம்பு செய்தியை ஒருமுறை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வண்டிக்கு இல்லைங்க. வூட்டு நெட்டுக்கு."

"நெட்டுக்கா? வண்டிக்கு இல்லியா?"

"இல்ல. கைகால் கழுவிட்டு வாங்க."

செல்லமுத்துவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

அவர்களுடைய மகள் அபிநயா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்திருந்தது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. திருச்சியில் பார்க்கிற டாக்டர் ஆர்த்தி தெளிவாகச் சொல்லியிருந்தார். வலிப்பு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூக்கில் அடிக்கிற மருந்தை ஒரு தடவை அடிக்க வேண்டும். உடனே அவருக்கு வீடியோவில் கூப்பிட வேண்டும். கண் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தக் கை துடிக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது என்று அவர் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் இன்னொரு தடவை அடிப்பதா, ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதா என்று சொல்வார். பச்சைமலை அடிவாரத்தில் செல்போன் டவர் பேசுவதற்கு மட்டுந்தான் உதவும், படம் வராது. அதனால்தான் 'வாயுவேகம் ஃபைபர்' கம்பெனியின் எல்லையில்லாத் திட்டத்தை வாங்கியிருந்தார்கள். தெரு முழுக்க அந்தக் கம்பெனி ஒயர்தான்.

அன்று சாயங்காலம் அபிநயாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. டிவியில் வாயுவேகத்தின் சொந்த ஆப்பான 'குதூகலம்' ஓடிக்கொண்டிருந்தது. வேம்பு மருந்தை அடித்தாள். செல்லமுத்து டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டரின் முகம் வந்தது. கண்ணைப் பாதி மூடிய நிலையில் அப்படியே நின்றது. அந்த முகத்தின் மேல் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"மேடம், தெரியுதுங்களா? மேடம்!"

வட்டம் சுற்றியது. பாயில் பிள்ளையின் கை வெட்டி வெட்டி இழுத்தது. அதே ஒயரில், அதே வீட்டில், டிவியில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கண்ணீர் ஒவ்வொரு சொட்டாக, கண்ணாடி போலத் தெரிந்தது. ஒரு சொட்டுகூடத் தடைபடவில்லை. செல்லமுத்து அதைப் பார்த்தான். இந்தப் பக்கம் வட்டத்தைப் பார்த்தான்.

அந்தத் தடவை பிள்ளை தானாகவே தெளிந்தாள். டாக்டர் சாதாரண போனில் கூப்பிட்டு, "நான் எதையுமே பாக்கல, செல்லமுத்து. தானா நின்னது உங்க நல்ல நேரம். அதை நம்பிக்கிட்டு இருக்க முடியாது" என்றார்.

மறுநாள் வெங்காய லோடை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் பெரம்பலூர்க் கிளைக்குப் போனான். கிளை மேலாளர் ராஜராஜன் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"சார், அன்லிமிடெட்னா அன்லிமிடெட்தான். அதுல எங்களுக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. எதுவரைக்கும் அன்லிமிடெட்ங்கறதுக்குத்தான் ஒரு லிமிட் வச்சிருக்கோம்."

"நாங்க அவ்வளவு உபயோகிக்கலைங்களே சார்."

ராஜராஜன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ராத்திரி பூரா உங்க வூட்லேருந்து ஒரு வீடியோ போயிட்டே இருக்கு."

"பாப்பா தூங்கறதுங்க. தூக்கத்துல வருதான்னு பாக்க டாக்டரம்மா கேமரா வைக்கச் சொன்னாங்க."

"தூங்கற புள்ளைய வீடியோ எடுத்தே தீத்துட்டீங்களே! எங்க குதூகலத்துல படம் பாத்திருக்கலாம்ல? ராவும் பகலும் பாத்தாலும் வரம்புல வராது. ஆனா நீங்க பாக்கறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாலு மாசமா நீங்க ஒரு படம்கூட முழுசா பாக்கல சார். சீரியல் மட்டுந்தான் ஓடுது, அதுவும் எதிர்ல ஆள் உக்காந்து பாக்கற மாதிரி இல்ல. எங்களுக்கே உங்களப் பத்திக் கவலையா இருந்துச்சு."

தன்னைப் பற்றி ஒரு கம்பெனி இவ்வளவு கவலைப்பட்டிருப்பது செல்லமுத்துவுக்குத் தெரியாது.

"இப்ப நான் என்னங்க செய்யறது?"

"உபயோகிக்காம இருங்க சார். உபயோகிக்காதவங்களுக்கு மாசம் முடியற வரைக்கும் முழு வேகம். நிறைய பேர் அப்படித்தான் சந்தோஷமா இருக்காங்க."

"வலிப்பு வந்தா என்னங்க பண்றது?"

ராஜராஜன் யோசித்தார். அது அவருடைய மேசையில் இல்லை என்பது அவருக்கே வருத்தமாக இருந்தது. அரியலூரில் மண்டல அலுவலகம் இருக்கிறது, அங்கே போக்குவரத்து முன்னுரிமைப் பிரிவு இருக்கிறது, குழந்தைவேல் சார் தங்கமான மனுஷன் என்று சொல்லி அனுப்பினார்.

அரியலூர் அலுவலகத்தின் மாடிப்படியில் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. 'போக்குவரத்து முன்னுரிமைப் பிரிவு' என்ற போர்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற இரண்டு பேர், லைசென்ஸையும் ஆர்சி புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே செய்தி வந்திருந்தது. இது நெட்டு விஷயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. செல்லமுத்து சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

குழந்தைவேல் உண்மையிலேயே மென்மையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு திரை. அதில் பல நிறக் கோடுகள் ஆறு போல ஓடிக்கொண்டிருந்தன. தடித்த பச்சைக் கோட்டைக் காட்டி, "இது குதூகலம்" என்றார். நடுத்தரமான மஞ்சளைக் காட்டி, "இது எங்களோட ஒப்பந்தம் போட்டவங்க" என்றார். பிறகு எழுந்துபோய்த் திரையின் அடியில், தலைமுடி உதிர்ந்து கிடப்பது போன்ற ஒரு சாம்பல் கீற்றின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் உங்க டாக்டர்."

செல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மகளுடைய உயிர் எவ்வளவு மெல்லிசாக ஓடுகிறது என்று அவனுக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.

"நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது" என்றார் குழந்தைவேல். "நாங்க யாரையும் தடுக்கறதில்ல. அந்தப் பழக்கமே எங்க நிறுவனத்துல கிடையாது. மத்தவங்கள முன்னாடி விடறோம், அவ்வளவுதான். நீங்க டிரைவர். ரோட்டுல ஆம்புலன்ஸ் வந்தா ஓரங்கட்டுவீங்கள்ல?"

"கட்டுவேங்க சார்."

"அதேதான். எது ஆம்புலன்ஸ்ங்கறத நாங்க முடிவு பண்றோம்."

"எப்படிங்க முடிவு பண்ணுவீங்க?"

"எத்தனை பேர் பாக்கறாங்கன்னு வச்சு. ஒரு சீரியல் நடுவுல நின்னா ரெண்டு மாவட்டத்துல எத்தனை வூட்ல மனசு பதறும் தெரியுமா? போன் மேல போன் வரும். அந்தப் பதட்டத்த நாங்க கண்ணால பாத்திருக்கோம். உங்க பொண்ண எத்தனை பேர் பாக்கறாங்க?"

"டாக்டரம்மா ஒருத்தருங்க."

"ஒருத்தர்" என்று குழந்தைவேல் மிகுந்த அனுதாபத்தோடு திருப்பிச் சொன்னார். "நூறு பேர் பாத்தா அவசரம் சார். ஒருத்தர் பாத்தா அது சொந்த விஷயம். வாடிக்கையாளரோட சொந்த விஷயத்துல நாங்க தலையிடறதே இல்ல."

செல்லமுத்து கைகூப்பினான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிய கையைப் பார்த்ததும் அதிகாரிக்கு மனம் இளகிவிட்டது. ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். டாக்டரிடம் தனியாகப் பேசுவதைக் குதூகலம் ஆப்பில் நேரலையாகப் போட்டுவிடலாம். பிள்ளை பக்கம் ஒரு கட்டம், டாக்டருக்குச் சிறப்பு விருந்தினர் என்று ஒரு கட்டம். நூறு பேர் பார்க்கிற வரைக்கும் பச்சைக் கோட்டில் தனி வழி கிடைக்கும். முதல் சில வாரங்களுக்குப் புது நிகழ்ச்சி என்ற சலுகையில், யாரும் பார்க்காவிட்டாலும் கிடைக்கும்.

"எந்தப் பிரிவுல போடலாம்? பக்தி, சமையல், நகைச்சுவை, குடும்பம்."

"மருத்துவம்னு இல்லைங்களா?"

"மருத்துவம்னா ஆயிரம் அனுமதி கேப்பாங்க சார். குடும்பம்னு போட்டுட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். செல்லமுத்து விழித்தான். குழந்தைவேல் தானே தட்டச்சு செய்து திரையைத் திருப்பிக் காட்டினார். 'துடிப்பான அபிநயா.'

"ரெண்டு அர்த்தமும் வருது பாருங்க" என்றார்.

வேம்பு இதைக் கேட்டதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"பொம்பளப் புள்ளைங்க அது. பாயில கிடந்து இழுக்கறத ஊரே பாக்கவா?"

"பாத்தாத்தான் டாக்டருக்குத் தெரியுமாம் புள்ள."

டாக்டர் ஆர்த்தி இன்னும் கோபப்பட்டார். "என் பேஷண்ட்ட சீரியல் மாதிரி போடுவீங்களா? நான் வர மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். கம்பெனிக்கு அவரும் புகார் அனுப்பினார். அதற்கு, 'தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி வலிப்பு வந்தது. வேம்பு மருந்தை அடித்தாள். செல்லமுத்து சாதாரண வீடியோவில் கூப்பிட்டான், வட்டம் சுற்றியது. நேரலையைத் தட்டி, டாக்டருக்குப் போனில், "மேடம், கும்புடறேன், ஒருதடவ உள்ள வாங்க" என்றான். டாக்டர் வந்தார். படம் நீரோட்டம் போல வந்தது. டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் அவருடைய அறை ஜன்னல்கூடத் தெரிந்தது.

"கேமராவ மொகத்துக்குக் கிட்ட கொண்டு வாங்க. கண்ணு இடது பக்கம் போகுதா? சரி, இப்ப கையக் காட்டுங்க. வலது கைதான? அது எவ்வளவு நேரமா…"

டாக்டர் மறைந்தார். திரையில் ஒரு பெண் நுரை பொங்கும் சோப்பால் முகம் கழுவிச் சிரித்தாள்.

"என்னாச்சு?" என்று வேம்பு அலறினாள்.

"விளம்பரம்."

பாயில் பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தாள். சோப்பு முடிந்ததும் வாயுவேகமே வந்து, 'உங்கள் குடும்பத்தோடு எப்போதும், தடையில்லாமல்' என்றது. செல்லமுத்து திரையில் கண்ட இடமெல்லாம் விரலால் குத்தினான். குத்திய குத்தில் சோப்புக் கம்பெனியின் பக்கம் திறந்து, எந்த வாசனை வேண்டும் என்று கேட்டது. அதை மூடிவிட்டு வருவதற்குள் அவன் சட்டை நனைந்துவிட்டது. டாக்டர் திரும்பி வந்தபோது அவருக்கும் அங்கே சோப்புதான் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ மருந்து அடிங்க. இப்பவே" என்றார். அடித்தார்கள். கை துடிப்பது குறைந்தது. நின்றது. திரையின் ஓரத்தில் பூக்களும் கைதட்டல்களும் மிதந்து மேலே போயின. யாரோ ஒருவர், 'டாக்டர் நடிப்பு சூப்பர்' என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே வந்தார்.

ஊரில் விஷயம் பரவியது. டீக்கடையில், "இன்னிக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மழை இருக்கா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அபிநயாவின் முன்னால் கையை இழுத்து இழுத்துக் காட்டினான். அன்று வீட்டுக்கு வந்தவள் மூலையில் உட்கார்ந்தாள். பிறகு, "அம்மா, எனக்கு வரும்போது நான் எப்படி இருப்பேன்? எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல" என்று கேட்டாள்.

வேம்பு முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். "எம்பொண்ணப் பாக்காதீங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்கறேன். அவளுக்கு வரும்போது யாரும் பாக்காதீங்க" என்றாள். எதிர்வீட்டு ஜோதி அழுதுவிட்டாள். "சத்தியமா பாக்க மாட்டேன் வேம்பு" என்றாள். தெருவே அப்படிச் சொன்னது. சொன்னபடியே யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரையும் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வலிப்பு வருவது அரிதானது. ஒரு மாதம் போல ஒன்றுமே வரவில்லை. செல்லமுத்து முதல் முறையாக வண்டி ஓட்டும்போது பாட்டுப் போட்டான். அப்போதுதான் குழந்தைவேல் போன் செய்தார். குரலில் துக்கம் இருந்தது.

"என்ன சார், நிகழ்ச்சி இப்படி விழுந்துடுச்சு? ஒரு மாசமா ஒண்ணுமே இல்லியே?"

"பாப்பாவுக்குப் பரவால்லைங்க சார். மாத்திரை கேக்குது."

"கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு." "சலுகைக் காலமும் முடிஞ்சுடுச்சு. பாக்க ஆள் இல்லன்னா மிஷினே வழிய மூடிடும், என் கையில இல்ல. நீங்க ஏதாவது முயற்சி பண்ணுங்க சார்."

"என்னங்க முயற்சி?"

"மருந்த நிறுத்துங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அது தப்பு. நானும் ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். கொஞ்சம் முன்னப் பின்ன குடுக்கலாம் இல்லையா? இல்ல, வூட்ல வேற யாருக்காவது ஏதாவது இருக்கா? வயசானவங்க? மாடு?"

செல்லமுத்து வண்டியை ஓரங்கட்டினான். அந்தக் குரலில் துளிகூடக் கெடுதல் இல்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அன்று இரவு மாத்திரை டப்பாவை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான். யாரிடமிருந்து ஒளிக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு நாளில் வழி மூடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குதூகலத்தில் இரண்டு பெரிய சீரியல்களின் மகாசங்கமம். விளக்கு வைக்கிற நேரம். அபிநயா தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கை தட்டுக்கு வெளியே போனது. செல்லமுத்து அதைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிட்டான்.

இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது. இரண்டு கையும் இழுத்தது. உதடு கறுத்தது. வேம்பு மருந்தை அடித்தாள். நிற்கவில்லை. 108-க்குச் சொல்லியாயிற்று, வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் வந்துசேர நேரமாகும் என்றார்கள். டாக்டர் போனில் இருந்தார்.

"எனக்கு மூச்சப் பாக்கணும், வேம்பு. நெஞ்சு எப்படி ஏறி எறங்குது?"

"தெரியலைங்க மேடம், வேகமா… இல்ல, நின்னு நின்னு…"

"இன்னொரு தடவ அடிக்கச் சொல்றதுக்கு நான் மூச்சப் பாத்தாகணும். மூச்சு மோசமா இருக்கும்போது அடிச்சா இன்னும் மோசமாயிடும். எனக்குக் காட்டுங்க!"

நேரலையில் டாக்டரின் முகத்தின் மேல் வட்டம் சுற்றியது. மூலையில் கண் படம், அதன் பக்கத்தில் மூன்று என்று இருந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் டாக்டர்.

செல்லமுத்து போனை வேம்புவின் கையில் திணித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினான். செருப்புகூடப் போடவில்லை. எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் நின்று கத்தினான்.

"எம்பொண்ணப் பாருங்க! எல்லாரும் போன எடுங்க! எம்பொண்ணப் பாருங்க!"

ஜோதி வெளியே வந்தாள். "பாக்கக்கூடாதுன்னு வேம்பு…"

"பாருங்கக்கா! நூறு பேரு பாக்கணும்! பாத்தாத்தான் டாக்டருக்குத் தெரியும்! பாருங்க, ஒங்க காலப் புடிக்கறேன்!"

ஜோதி வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஓடி வீட்டில் இருந்த எல்லாருடைய போனையும் அள்ளிக்கொண்டு வந்தாள். அவளுடைய புருஷன் பக்கத்துத் தெருவுக்கு ஓடினார். டீக்கடைக்காரர் கடையில் இருந்தவர்களின் போனை எல்லாம் தன் வைஃபையில் போடச் சொன்னார். வெங்காயம் தரம்பிரித்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஆத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் டீக்கடை வாசலுக்கு ஓடி வந்தார்கள். மகாசங்கமம் வீட்டுக்கு வீடு அணைந்தது.

செல்லமுத்து திரும்பி வீட்டுக்கு ஓடும்போது அதைப் பார்த்தான். ஒயர் போகிற ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் போனைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் இரண்டு கையிலும் இரண்டு. ஆனால் எல்லாருடைய முகமும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஜோதி போனை முன்னால் நீட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தாள். டீக்கடைக்காரர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேம்புவுக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் யாரும் மீறவில்லை.

வீட்டுக்குள் எண் ஏறியது. நாற்பது. எழுபது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றாறில் வந்து நின்றது. வேம்பு நெற்றியைத் தரையில் முட்டினாள். யாரோ ஒருவர் போன் அணைந்துபோய்த் தொண்ணூற்றைந்து ஆனது. செல்லமுத்துவின் வாயில் ஒரு சத்தம் வந்தது, அது பேச்சு இல்லை. பிறகு பக்கத்துத் தெருவுக்கு ஓடிய ஜோதியின் புருஷன் இன்னும் சில போன்களைத் திறக்க வைத்திருக்க வேண்டும். நூற்றிரண்டு.

டாக்டர் ஆர்த்தி கண்ணை இமைத்தார்.

"தெரியுது. அசையாம புடிங்க. நெஞ்சக் காட்டுங்க. ம்… ம்… சரி. அடிக்கலாம். இப்ப அடிங்க! தலைய இன்னும் கொஞ்சம் சாய்ங்க. அப்படித்தான். நான் போக மாட்டேன், பாத்துக்கிட்டே இருக்கேன்."

விளம்பரம் எப்போது வருமோ என்று செல்லமுத்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வருவதற்கு முன்னால் அபிநயாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது அவள் மூச்சு சீராகியிருந்தது. தெருவில் ஒருவரும் போனை இறக்கவில்லை. இறக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளையை வண்டியில் ஏற்றும்போதும் அவர்கள் அப்படியே முகத்தைத் திருப்பி நின்றார்கள்.

மூன்றாவது நாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தைவேலின் போன் வந்தது. மகிழ்ச்சியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார், வாழ்த்துகள்! மகாசங்கமத்தையே அடிச்சுட்டீங்க! தலைமை அலுவலகத்துல எல்லாரும் பேசறாங்க. உள்ள வந்தவங்க ஒரே ஒருத்தரத் தவிர யாரும் பாதியில போகல, கடைசிவரைக்கும் கண்ண எடுக்காம பாத்திருக்காங்க. எங்க அனுபவத்துல இப்படி ஒரு ரசிகர்கள நாங்க பாத்ததே இல்ல. அடுத்தது எப்போ சார்?"

"எப்போ வரும்னு தெரியாதுங்க சார்" என்றான் செல்லமுத்து. "தெரிஞ்சா நாங்க ராத்திரியில தூங்க மாட்டமா?"

"தோராயமா ஒரு தேதி சொன்னாப் போதும். விளம்பரக்காரங்களுக்கு வசதியா இருக்கும்."

வேம்பு அவன் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள்.

அடுத்த வாரமே அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன வீடு பிடித்துக் குடிவந்தார்கள். டாக்டர் ஆர்த்தி அங்கே இருக்கிற டாக்டர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவைத்தார். வீட்டில் நெட் கிடையாது. வலிப்பு வந்தால் மருந்தை அடித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கண்ணால் பார்க்க அங்கே எப்போதும் ஒரு டாக்டர் இருப்பார்.

செல்லமுத்து தினமும் விடிந்ததும் வண்டியிலிருந்து ஒரு வெங்காய மூட்டையை இறக்குவான். அபிநயாவின் எடைக்குக் கட்டிய மூட்டை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தைத் தாண்டி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்புவான். வழியில் எந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று பார்த்துக்கொள்வான். வாட்ச்மேன் முதலில் விரட்டினார். விஷயம் தெரிந்த பிறகு அவனைக் கண்டதும் கேட்டைத் திறந்து பிடிக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் அபிநயா பல் துலக்கிக்கொண்டே வாசலில் நின்று இதைப் பார்த்தாள். மூச்சிரைக்க வந்தவன் மூட்டையை மெதுவாக, தலைப்பக்கம் இடிக்காமல், கீழே வைத்தான். அவள் கிட்ட வந்து மூட்டையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நான் பெருத்துட்டேம்ப்பா" என்றாள். "இன்னுங் கொஞ்சம் வெங்காயம் போட்டுக்கங்க."